கொலுசா, காசா, கட்டியா? கரையோர வீடுகளுக்கு ஏற்ற வெள்ளி எது

வெள்ளி என்றதும் எல்லோரும் கேட்பது "இன்னைக்கு கிராம் என்ன விலை?" என்றுதான். அது நாளைக்கே மாறிவிடும். ராமநாதபுரம் கரையோரத்தில் இருப்பவர்கள் அதற்கு முன்னால் யோசிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது: வாங்கப் போகும் வெள்ளியை எந்த மாதத்தில், யாரிடம் கொண்டுபோய்க் கொடுத்துப் பணமாக்கப் போகிறோம்?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. ராமேசுவரம், பாம்பன், மண்டபம், தொண்டி என எந்தக் கரையை எடுத்தாலும் அந்த இரண்டு மாதமும் வரவு நின்றுவிடும், செலவு நிற்காது. படகைக் கரையேற்றிப் பழுது பார்ப்பது அப்போதுதான். பள்ளிக்கூடம் திறந்து ஃபீஸ் கட்டுவதும் அதை ஒட்டித்தான். வீட்டு நகை அடகுக்கடைக்கு நடக்கும் காலமும் அதுவே. தங்கம் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போனபிறகு, சிறுகச் சிறுகச் சேர்க்கிறவர்கள் வெள்ளிப் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் தங்கத்தில் பழகிய கணக்கை அப்படியே வெள்ளிக்குப் போட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும். தங்கச் சங்கிலியை விற்றால் போட்ட பணத்தில் பெரும்பகுதி திரும்பிவிடும். வெள்ளிக் கொலுசை விற்றால் வராது.

ஏன் வராது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டுக் கடைகளில் தொங்கும் கொலுசில் பெரும்பங்கு சேலத்துப் பட்டறைகளிலிருந்து வருகிறது. வெறும் வெள்ளியில் கொலுசு செய்ய முடியாது. மிருதுவாக இருக்கும், இரண்டு மாதத்தில் நெளிந்துவிடும். அதனால் செம்பு சேர்ப்பார்கள். அப்புறம் வளையத்தோடு வளையம், சலங்கை, திருகு எல்லாவற்றையும் பொடி வைத்துப் பற்றவைக்க வேண்டும். அந்தப் பற்றுப்பொடியில் வெள்ளி இன்னும் குறைவு. எத்தனை இணைப்பு இருக்கிறதோ அத்தனைக்குத் தரம் இறங்கும். இந்தத் தரத்தைத்தான் தொழிலில் 'டச்' என்கிறார்கள். 100 கிராமை உருக்கிச் சுத்தம் செய்தால் 80 கிராம் வெள்ளி நிற்கும் என்றால் அது 80 டச். 92.5 டச் கொலுசும் கிடைக்கிறது, 70-க்குக் கீழே போனதும் கிடைக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டும் ஒரே மாதிரி மின்னும்.

வாங்கும்போது தராசில் ஏறிய மொத்த எடைக்கும் வெள்ளி விலை போடுவார்கள். விற்கப் போகும்போது நடப்பதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். கடைக்காரர் முதலில் கலர்க்கல்லும் பூச்சும் உள்ள இடங்களைத் தட்டி உதிர்ப்பார். வளையங்களுக்கு இடையில் அப்பியிருக்கும் மஞ்சளும் சோப்பும் கடல் மணலும் தேய்த்துக் கழுவினால் போகும். பிறகு மூசை என்கிற உருக்குக் கிண்ணத்தில் போட்டு, கொஞ்சம் வெங்காரம் (போராக்ஸ்) தூவி, ஊதுகுழலால் தீயை ஊதி உருக்குவார். ஆறிய கட்டியைத் திரும்பத் தராசில் வைத்தால் எடை குறைந்திருக்கும். அதன் ஓரத்தில் ஒரு துண்டை வெட்டி டச் பார்த்து, அந்த விகிதத்துக்குத்தான் பணம். சில கடைகளில் உருக்காமல் மெஷினில் வைத்தே சொல்லிவிடுகிறார்கள். அந்த மெஷின் பார்ப்பது மேல்தோலை மட்டும் என்பதால், அடியில் சரக்கு எப்படி என்ற சந்தேகத்துக்கும் சேர்த்து விலையைக் குறைத்துத்தான் கேட்பார்கள்.

கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். கிராம் 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நிஜ விலை இதுவல்ல, எண்ணுவதற்கு வசதியாக எடுத்துக்கொண்டது. 75 டச்சில் 100 கிராம் கொலுசு. எடைக்கு 20,000, செய்கூலி 10 சதவீதம் என்றால் 2,000, மொத்தத்துக்கும் 3 சதவீத ஜிஎஸ்டி 660. கையை விட்டுப் போவது 22,660 ரூபாய். அன்றைக்கே திருப்பிக் கொடுத்தால் 75 கிராமுக்கு 15,000. அதில் கடைக்காரர் 4 சதவீதம் கழித்தால் 14,400. அதாவது வெள்ளி விலை 57 சதவீதம் ஏறினால்தான் போட்ட பணம் வரும். அதே 100 கிராமை 999 தரக் காசாக, அதாவது ஆயிரத்தில் 999 பங்கு வெள்ளி உள்ள நாணயமாக வாங்கினால்? மேல்கூலி 6 சதவீதமும் ஜிஎஸ்டியும் சேர்த்து 21,836. திருப்பிக் கொடுத்தால் சுமார் 19,200. கிட்டத்தட்ட 14 சதவீதம் ஏறினால் போதும். ஒரு கிலோ கட்டியில் மேல்கூலி 2 சதவீதம், விற்கும்போது கழிவு 2 சதவீதம் என்று வைத்தால் 7 சதவீதத்தில் சமமாகிவிடும். சதவீதங்கள் கடைக்குக் கடை மாறும். வரிசை மட்டும் மாறாது.

அப்படியானால் கொலுசே வாங்க வேண்டாமா? காலில் போட வாங்குங்கள், தாராளமாக. பிள்ளை நடக்கப் பழகும்போது போடும் தண்டைக்கும், அரைஞாண் கொடிக்கும், மெட்டிக்கும் லாப நஷ்டக் கணக்கு பார்க்கிறவர்கள் யாரும் இல்லை. அதைச் சேமிப்பு என்று எழுதி வைத்துக்கொள்ளாமல் இருந்தால் சரி. "செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை" என்று போர்டு வைத்த கடையில் டச் எவ்வளவு என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். விட்ட கூலி எங்கே போய் ஒளிந்திருக்கிறது என்பது தெரியும்.

சேமிப்புக்கு என்றால் கட்டிதானே மலிவு, அதையே வாங்கலாமே என்று தோன்றும். நாளிதழ்களில் தினமும் வருகிற 'பார் வெள்ளி' அதுதான். ஒரு கிலோ கட்டி பார்க்கப் பெரிதாக இருக்காது: 10 சென்டிமீட்டர் நீளம், 5 அகலம், கனம் 2-க்கும் கொஞ்சம் குறைவு. வெள்ளியின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 10.49 கிராம் என்பதால் கையில் எடுத்தால் மட்டும் எடை தெரியும். சுத்தமும் கூலியும் எல்லாம் கட்டிக்குச் சாதகம். கரையோரத்தில் அதற்கு இரண்டு குறைகள். முதலாவது, உடைக்க முடியாது. படகு இன்ஜினுக்கு முப்பதாயிரம் வேண்டும் என்றால் கிலோ கட்டியில் ஒரு மூலையை அறுத்து விற்பீர்களா? அறுத்த கட்டியை வாங்குகிறவர் மீதியின் தரத்தையும் சேர்த்துச் சந்தேகிப்பார். முத்திரையும் சீரியல் எண்ணும் முழுக் கட்டிக்குத்தான் மதிப்பு தருகின்றன.

இரண்டாவது குறை, அடகு. இதுதான் இந்தக் கட்டுரையில் நீங்கள் கவனித்துப் படிக்க வேண்டிய இடம். தங்க, வெள்ளி அடமானக் கடன்களுக்கு ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் புதிய விதிகளை வெளியிட்டது. 2026 ஏப்ரல் 1-க்குள் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அதற்கு மாற வேண்டும் என்று கெடு. அதன்படி வெள்ளி நகைக்கும் வெள்ளிக் காசுக்கும் கடன் கொடுக்கலாம். கட்டிக்குக் கொடுக்கக் கூடாது. ஒருவர் அடகு வைக்கும் வெள்ளி நகை மொத்தம் 10 கிலோவைத் தாண்டக் கூடாது, காசு 500 கிராமைத் தாண்டக் கூடாது. மதிப்பு போடுவது உள்ளே இருக்கும் வெள்ளிக்கு மட்டும். கல்லுக்கும் கூலிக்கும் மதிப்பில்லை. முந்தின நாள் விலை, கடைசி 30 நாள் சராசரி விலை, இரண்டில் எது குறைவோ அதுதான் கணக்கு. வீட்டுச் செலவுக்கு வாங்கும் கடன் இரண்டரை லட்சம் வரை என்றால் அந்த மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம். கடனை முழுதாகக் கட்டியபிறகு பொருளை ஏழு வேலை நாளுக்குள் திருப்பித் தராமல், தாமதத்துக்குக் காரணமும் கடன் கொடுத்தவர் பக்கமே என்றால், நாளொன்றுக்கு 5,000 ரூபாய் அவர்கள் உங்களுக்குத் தர வேண்டும்.

விதி இடம் கொடுப்பது ஒன்று, உங்கள் ஊர்க் கிளை வெள்ளியை வாங்கி வைத்துக்கொள்வது இன்னொன்று. எடைக்கு மதிப்பு குறைவு, பெட்டகத்தில் இடம் அடைக்கும் என்று வெள்ளியைத் தொடாத கிளைகள் இருக்கும். வாங்குவதற்கு முன்பே உங்கள் வங்கியிலும், வழக்கமாகப் போகும் அடகுக்கடையிலும் "வெள்ளிக் காசு வைத்தால் எடுப்பீர்களா, என்ன சதவீதம்?" என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தடைக்காலத்தில் கேட்டால் அவர் சொன்னதுதான் வட்டி.

ஆக, விற்காமல் அடகு வைத்துத் திருப்புகிற பழக்கம் உள்ள வீட்டுக்குக் காசுதான் தோது. அதிலும் ஒரே பெரிய காசாக இல்லாமல் 10, 20, 50, 100 கிராம் எனக் கலந்து. பத்து கிராம் காசில் கூலி கிராமுக்கு அதிகமாக விழும். அதனால் சின்னதைக் குறைத்து 50, 100 பக்கம் கூடுதலாக வைக்கலாம். சுமார் 500 கிராம் வரைக்கும் இப்படிப் போய், அதற்கு மேல் சேர்ந்தால், அதுவும் ஐந்தாறு வருஷம் தொடாத பணம் என்றால், கட்டியை யோசிக்கலாம். நான் இப்படித்தான் பிரிப்பேன்.

காசு வாங்கும்போது படத்தைப் பார்க்காதீர்கள். லட்சுமி படம் போட்டிருந்தாலும் மெக்கா படம் போட்டிருந்தாலும் உருக்கும் இடத்தில் ஒன்றுதான். பார்க்க வேண்டியது 999 என்ற எண், செய்த நிறுவனத்தின் முத்திரை, எடை. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஹால்மார்க் வெள்ளிக்கும் உண்டு: 800, 835, 925, 958, 970, 990, 999 எனத் தரங்கள். 2025 செப்டம்பர் 1 முதல் தங்கத்துக்கு இருப்பதுபோல் எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இடங்கள் கொண்ட, பொருளுக்குப் பொருள் மாறும் எச்யூஐடி குறியீடும் வெள்ளிக்கு வந்தது, கட்டாயமாக இல்லாமல் விருப்பத்தின் பேரில். அந்தக் குறியீடு இருந்தால் அந்த அமைப்பின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் அடித்துக் கடையிலேயே சரிபார்த்துவிடலாம். வங்கியில் வாங்கினால் நிம்மதி என்பார்கள். வங்கிகள் தாங்கள் விற்ற காசைத் திரும்ப வாங்குவதில்லை. விற்க எப்படியும் நகைக்கடைக்குத்தான் போக வேண்டும். அதனால் திரும்ப எடுத்துக்கொள்ளும் கடையிலேயே வாங்கிவிடுவது மேல்.

விளக்கு, குடம், தாம்பாளம் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. கனமான அடிப்பாகத்துக்குள் அரக்கோ மெழுகோ நிரப்பியிருக்கலாம், கவசம் போட்டதில் மேலே தகடு, உள்ளே மரம். ஜெர்மன் சில்வர் என்பதில் வெள்ளியே கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம். ராமேசுவரத்தில் காணிக்கைக்கு வாங்கும் கண்மலர், உரு எல்லாம் காகிதக் கனத் தகடு. உண்டியலில் போடத்தான் அது.

பழைய பெட்டிகளில் கிடக்கும் வெள்ளி ரூபாய் வேறு கதை. விக்டோரியா ராணி, ஏழாம் எட்வர்ட், ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட ஒரு ரூபாய்க் காசு 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, ஆக 10.69 கிராம் சுத்த வெள்ளி உள்ளே இருக்கும். 1940-ல் போர்க்கால நெருக்கடியில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள். 1947-ல் அதையும் விட்டு நிக்கலுக்குப் போனார்கள். எனவே ஆறாம் ஜார்ஜ் தலை இருந்தால் வருஷத்தைப் பார்க்காமல் கொடுத்துவிடாதீர்கள், எடுத்துக்கொள்ளவும் செய்யாதீர்கள். புதிதாகத் தேடி வாங்க நான் சொல்ல மாட்டேன். போலி அச்சு ஏராளம். ஆத்தா காலத்துக் காசு வீட்டில் இருந்தால் அது நல்ல வெள்ளி, அடகுக்குக் கொண்டுபோகும் வரிசையில் கடைசியில் வையுங்கள். உருக்கு விலைக்கு மேல் கொடுத்து வாங்கச் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள்.

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் வடிவம் இன்னொரு விதத்திலும் கணக்குக்கு வரும். ஜக்காத் என்னும் கட்டாய தருமத்துக்கான வெள்ளி வரம்பு 52½ தோலா, சுமார் 612 கிராம். 595 கிராம் என்று கொள்கிறவர்களும் உண்டு. அந்த அளவை எட்டி ஒரு சந்திர வருஷம் கையில் நின்றால் நாற்பதில் ஒரு பங்கு கொடுக்க வேண்டும். கரையோரத்தில் பரவலாக உள்ள ஷாஃபி மத்ஹபில் (மார்க்கச் சட்டப் பிரிவில்), பெண்கள் அணிந்துகொள்ளும் அளவான நகைக்கு ஜக்காத் இல்லை என்பதே வழக்கமான கருத்து. காசாகவும் கட்டியாகவும் இருந்தால் உண்டு. ஹனஃபி பிரிவினருக்கு நகைக்கும் உண்டு. வெள்ளித் தட்டில் சாப்பிடுவதும் வெள்ளித் தம்ளரில் குடிப்பதும் மார்க்கத்தில் கூடாது என்பதால் பாத்திர வகையே இங்கே பேச்சில் இல்லை. உங்கள் வீட்டுக் கணக்கை ஊர் ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள்.

வாங்கியாயிற்று, இனி வைப்பது. நம் பக்கத்து உப்புக்காற்றுதான் வெள்ளியைக் கறுப்பாக்குகிறது என்று எல்லோரும் சொல்வது பாதிதான் சரி. கறுப்புக்குக் காரணம் கந்தகம். காற்றில் உள்ள கந்தக வாயு மேல்பரப்பு வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்ஃபைடு ஆகிறது. கரையில் ஒதுங்கி அழுகும் பாசி, கருவாட்டுக் களம், தேங்கிய கழிமுகச் சேறு, இவற்றிலிருந்து கிளம்பும் அந்த முட்டை நாற்றம் இருக்கிறதே, அதேதான். காற்றின் ஈரம் அதை விரைவாக்குகிறது. உப்பு தன் பங்குக்குக் கலப்பில் உள்ள செம்பைத் தின்று பச்சை பிடிக்க வைக்கும். அதனால்தான் 70 டச் கொலுசு அக்னி தீர்த்தத்தில் இறங்கி ஏறினால் நிறம் மாறிப்போவதும், 999 காசு பெட்டிக்குள் வருஷக்கணக்கில் வெளுப்பாகவே இருப்பதும்.

கறுத்தால் விலை குறையாது, இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பை எடுக்கிறேன் என்று பல்பொடியும் விபூதியும் போட்டுத் தேய்ப்பதுதான் நிஜ நஷ்டம். ஒவ்வொரு தேய்ப்பிலும் கொஞ்சம் வெள்ளி துணியோடு போகிறது. அலுமினியத் தாளை ஒரு பாத்திரத்தின் அடியில் விரித்து, வெந்நீரும் சமையல் சோடாவும் ஊற்றி, வெள்ளி அந்தத் தாளைத் தொடும்படி போட்டு வைத்தால் கந்தகம் அலுமினியத்துக்கு மாறிவிடும், வெள்ளி மிஞ்சும். கல்லும் அரக்கும் வைத்த நகைக்கு இதைச் செய்யக் கூடாது. சேமிப்புக் காசுக்கு இதுவும் தேவையில்லை. வந்த உறையைப் பிரிக்காமல், காற்றுப்புகாத டப்பாவில், பவுடர் டப்பாக்களோடு வரும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம் ஒன்றைப் போட்டு வைத்தால் போதும். ரப்பர் பேண்ட் மட்டும் போடாதீர்கள். ரப்பரில் கந்தகம் உண்டு, பட்ட இடத்தில் கறுப்புக் கோடு விழும்.

லாக்கர் வைத்திருந்தால் வைக்கலாம், ஆனால் தெரிந்து வையுங்கள். திருட்டு, தீ, ஊழியர் மோசடி போன்றவற்றுக்கு வங்கியின் பொறுப்பு வருஷ வாடகையின் நூறு மடங்கு வரை. புயல், வெள்ளம் போன்ற இயற்கைச் சீற்றத்துக்குப் பொறுப்பில்லை. வெள்ளிக்குத் தண்ணீரால் ஒன்றும் ஆகாது என்பது ஒரு சமாதானம். ஒரு கிலோவுக்கே லாக்கர் வாடகை கட்டுவது என் கணக்கில் வீண். வீட்டில் தங்கமும் பத்திரமும் வைக்க ஏற்கெனவே லாக்கர் இருந்தால் மட்டும் இதையும் அதில் சேர்க்கலாம்.

விலை ஏற்ற இறக்கத்தைச் சொல்லாமல் விட முடியாது. உலக வெள்ளியில் பெரும்பகுதி செம்பு, ஈயம், துத்தநாகச் சுரங்கங்களின் உபபொருளாக வருகிறது. தேவையில் பாதிக்கு மேல் சோலார் தகடு, மின்சாதனம் போன்ற தொழில்களிலிருந்து. அதனால் விலை ஏறினாலும் சுரங்கம் உடனே கூட்டித் தோண்டாது; தொழில் படுத்தால் வெள்ளியும் கூடவே படுக்கும். 1980 ஜனவரியில் அவுன்ஸ் 50 டாலரைத் தொட்டது, மார்ச் முடிவதற்குள் 11 டாலருக்கு இறங்கியது. அந்த உயரத்தை 2011-ல் மறுபடி நெருங்கிச் சரிந்தது. தாண்டியது 2025 அக்டோபரில்தான், நாற்பத்தைந்து வருஷம் கழித்து. அந்தத் தீபாவளி சமயத்தில் நாட்டில் காசும் கட்டியும் கிடைக்காமல், அறிவித்த விலைக்கு மேல் கூடுதலாகக் கொடுத்து வாங்கினார்கள். கிராக்கி நேரத்தில் கொடுக்கும் அந்தக் கூடுதல் விற்கும்போது திரும்பாது. அடுத்த வருஷக் கல்யாணத்துக்கு என்று குறித்த பணத்தை வெள்ளியில் போடாதீர்கள். சீசன் நன்றாக இருக்கும் மாதங்களில் மாதம் ஒரு காசு என்று எடுங்கள்.

பில் இல்லாமல் வாங்கினால் மூன்று சதவீதம் மிச்சம் என்று சொல்லும் கடைக்காரர் உண்டு. அந்த மிச்சத்தை விற்கும்போது இரட்டிப்பாக இழப்பீர்கள்; பில் உள்ள சொந்தக் கடைச் சரக்கை எடுக்கும் விலையும், யாரோ கொண்டுவந்த சரக்கை எடுக்கும் விலையும் ஒன்றாக இருக்காது. பில்லில் டச்சும் எடையும் தனித்தனியாக எழுதச் சொல்லி, போட்டோ எடுத்து மொபைலிலும் வைத்துக்கொள்ளுங்கள். தாள் மை இரண்டு வருஷத்தில் மங்கிவிடும். வாங்கி இரண்டு வருஷத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்துக்கு 12.5 சதவீத வரி, அதற்கு முன் விற்றால் அவரவர் வருமான வரி விகிதம். அந்த லாபத்தைக் காட்டவும் பில்தான் வேண்டும். இன்னொன்று: ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கடைக்காரரால் அதை வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது என்பதால், பெரிய தொகையைக் கையில் தரமாட்டார்கள், கணக்கில்தான் போடுவார்கள். விற்கப் போகும்போது ஆதாரோடு வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்க நகலையும் எடுத்துக்கொண்டு போங்கள்.